பெட்டி எங்களுடையது, கணக்கு கடைக்காரருடையது: பிஎஸ் 5 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் பிள்ளைக்கு பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ் 5) என்ற கேம் மெஷினை வாங்கிக் கொடுக்க நினைத்திருக்கும் பெற்றோர், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்துக்கும் வேறொரு கடையில் இதே கதிதான் நடந்திருக்கிறது.

மகன் தரம் 8 படிக்கிறான். ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கேமுக்கு மட்டும் என்றால் நாங்கள் சம்மதித்திருக்க மாட்டோம். எங்கள் வெள்ளவத்தை வீட்டு டிவி பழையது, ஸ்மார்ட் டிவி இல்லை. இந்தப் பெட்டியை மாட்டினால் அவனுக்கு கேம், எனக்கு யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும், மாமாவுக்கு அவர் அலுமாரித் தட்டு நிறைய அடுக்கி வைத்திருக்கும் டிவிடிகள், எல்லாம் ஒன்றிலேயே முடியும் என்று கணக்குப் போட்டோம். என் கணவரின் அண்ணா வீட்டில் முன்பு ஒரு பிஎஸ் 2 இருந்தது. 2000இல் வந்த அந்த மெஷின் டிவிடியும் போடும். பிள்ளைகள் பந்தடித்து முடிய, பெரியவர்கள் அதிலேயே படம் பார்ப்பார்கள். அந்த நினைவும் மனதில் இருந்தது.

டிசம்பர் விடுமுறையில் காலி வீதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக் கடைக்குப் போனோம். தம்பி வயதுப் பையன் ஒருவர் நன்றாகக் கதைத்தார். "அக்கா, இது கேம் மெஷின் மட்டும் இல்லை, முழு வீட்டுக்குமே இது ஒன்று போதும். நாற்பது கேம் சும்மா போட்டுத் தாறேன். வீட்டுக்குப் போய் வயரைக் குத்தினால் சரி" என்றார். டிவிடி போடுமா என்று கேட்டேன். "டிரைவ் தனியா இருக்கு, பிறகு வாங்கி மாட்டலாம்" என்றார். 1 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கொடுத்தோம். சீலை உடைத்து, செட்டப் செய்யவென்று மெஷினை உள்ளறைக்குக் கொண்டுபோனார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மகன் வெறும் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதில் எழுதியிருப்பதை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தான். எங்களை ஏமாற்றியது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். ஒரு கேமைக்கூட நாங்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

ஏழு வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. டொரொண்டோவில் இருக்கும் என் அக்காவின் மகனும் இவனும் சனிக்கிழமை தவறாமல் சேர்ந்து ஃபுட்போல் கேம் விளையாடுவார்கள். இங்கே காலை 7 மணி என்றால் அங்கே வெள்ளி இரவு எட்டரை. ஐந்து வருடமாக ஒருவரை ஒருவர் நேரில் காணாத பிள்ளைகள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு இவர்கள் சிரிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்கும்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்தச் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். திரையில் ஒவ்வொரு கேமின் படத்தின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. மகன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனான். நாற்பதையும் அழுத்தினான். மறுபடி சைன் இன் செய்யச் சொல்லி பாஸ்வேர்ட் கேட்டது. எங்களிடம் பாஸ்வேர்ட் இல்லை; யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை. பக்கத்தில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கிருந்து மற்றவன், "எங்கையடா நிக்கிறாய்?" என்று கேட்க.

என்ன நடந்தது என்பதை, மெஷின் திருத்தும் ஒரு தம்பி பிறகு விளக்கினார். அந்த நாற்பது கேமும் எங்களுக்கு வாங்கியவை இல்லை. கடைக்காரர் தன்னுடைய ஈமெயிலில் ஒரு பிஎஸ்என் கணக்கைத் திறந்து (பிளேஸ்டேஷனின் ஒன்லைன் சேவைதான் பிஎஸ்என்), அதற்கு 'பிளேஸ்டேஷன் ப்ளஸ்' சந்தாவில் பெரிய தரத்தைக் கட்டி, அதில் கிடைக்கும் கேம்களை எங்கள் மெஷினில் இறக்கியிருக்கிறார். 2022இலிருந்து அந்தச் சந்தா மூன்று தரமாக இருக்கிறது. மேல்தரம் இரண்டிலும் பெரிய கேம் பட்டியல் ஒன்று கிடைக்கும். சந்தா நிற்கும்போது அந்தக் கேம்களும் பூட்டிக்கொள்ளும். அதோடு, ஒரு கணக்கின் கேம்களை மெஷினில் இருக்கும் எல்லாரும் விளையாட விடும் 'கன்சோல் ஷெயரிங்' வசதி ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ் 5இல் மட்டுமே இயங்கும். கடைக்காரர் அதே கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்து பாஸ்வேர்டையும் மாற்றினால், முதலில் வாங்கியவர் வெளியே.

கடைக்கு எடுத்துக் கேட்டேன். "மெஷின் வேலை செய்யுதுதானே அக்கா, வொரண்டி மெஷினுக்குத்தான். எக்கவுண்ட் ரினியூ பண்ண 15 ஆயிரம்" என்றார். நெஞ்சு பதறியது அப்போதுதான். தைப்பொங்கலுக்கு உறவுகள் கொடுத்த காசைச் சேர்த்து மகன் இரண்டு கேமை கிஃப்ட் கார்டால் வாங்கியிருந்தான். அவை போனது அந்தக் கணக்குக்கு. ஏழு வாரம் விளையாடிச் சேர்த்த 'சேவ்'களும், அதாவது எந்தக் கட்டம்வரை வந்தான் என்ற பதிவுகளும், அந்தக் கணக்கில்தான். ஒரு கணக்கின் 'சேவ்'களை இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. கார்டு வாங்கும்போது விலை துருக்கி லிராவில் காட்டியதை நான் பார்த்தேன். ஏன் துருக்கி என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு இடம் கொடுக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பிஎஸ்என் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறொரு நாட்டைப் போட்டுத்தான் இங்கே எல்லாரும் திறக்கிறார்கள். அதைப் பிறகு மாற்ற முடியாது. அந்த நாட்டின் கிஃப்ட் கார்டைத்தான் ஏற்றுக்கொள்ளும். புதிதாக வாங்கும் குடும்பத்துக்கு இது தலையைச் சுற்றும். "நாங்களே செய்து தாறோம்" என்று கடைக்காரர் சொன்னதும் நிம்மதியாகிவிடுகிறது. உதவி தேவைதான். ஆனால் ஈமெயில் உங்களுடையதாக இருக்க வேண்டும், பாஸ்வேர்டை நீங்களே அடிக்க வேண்டும்.

டிவிடி விஷயமும் பொய். எங்களுக்குத் தந்தது 2020இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷன். அதில் டிஸ்க் போடும் வாய் இல்லை, டிரைவை மாட்டவும் இடம் இல்லை. கழற்றி மாட்டும் டிரைவ், 2023 கடைசியில் வந்த மெல்லிய மொடலிலிருந்துதான் பொருந்தும். அதையும் முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட்டில் இணைத்துப் பதிய வேண்டும். மாமா ஒரு டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வாயைத் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறையில் போட்டு மறுபடி அலுமாரியில் வைத்துவிட்டார். டிஸ்க் உள்ள பிஎஸ் 5 வாங்கினாலும் ஓடியோ சீடி அதில் ஓடாது. பக்திப் பாட்டு சீடி வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். மெஷின் உள்ளறைக்குப் போகக் கூடாது. பழைய மெஷின் என்றால் அங்கேயே ரீசெட் செய்வித்து, உங்கள் கணக்கைப் போட்டு ஒன்லைனில் போகிறதா என்று பாருங்கள். பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி நிறுவனம் தடை செய்த மெஷின் ஒன்லைனில் போகாது. மெனு ஜப்பானிய மொழியில் இருந்தால் கவனம். ஜப்பானில் 2025 நவம்பரில் மலிவாக ஒரு டிஜிட்டல் எடிஷன் விட்டார்கள். அது ஜப்பானிய மொழியில் மட்டும், ஜப்பான் கணக்குடன் மட்டும் வேலை செய்யும். நாற்பது கேம், நூறு கேம் என்று யாராவது சொன்னால், அவை யாருடைய கணக்கில் இருக்கின்றன என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைந்தால் எழும்பி வந்துவிடுங்கள். பில்லில் மொடல் நம்பரும் சீரியல் நம்பரும் கட்டாயம் எழுதுவியுங்கள். எங்கள் பில்லில் 'கேம் செட் 1' என்று மட்டும் இருந்தது. முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது அது எவ்வளவு பெரிய குறை என்று விளங்கியது.

முறைப்பாடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்தோம். கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது. 1977க்கு அழைத்தும் விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று இழுத்தடித்ததில் அந்தக் காலம் முடிய பதினொரு நாள்தான் மிச்சம் இருந்தது. அவர்கள் இழுப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மெஷினை முழுதாக ரீசெட் செய்து, என் பெயரில் குடும்பக் கணக்கு ஒன்று திறந்து, மகனை அதற்குக் கீழே பிள்ளைக் கணக்காகச் சேர்த்திருக்கிறேன். செலவுக்கும் விளையாடும் நேரத்துக்கும் அதில் நானே எல்லை வைக்கலாம். இப்போது அவனிடம் இருப்பது ஒரே ஒரு ஃபுட்போல் கேம், அதுவும் முதல் கட்டத்திலிருந்து. போன சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஹெட்ஃபோனைப் போட்டான். விசாரணைக்கு வரும் செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். பில், பூட்டு விழுந்த திரையின் படங்கள், கிஃப்ட் கார்டு ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவும் கூட வருகிறேன் என்கிறார்.