யாரைப் பார்க்க?

கேட்டில் இருந்த ரெஜிஸ்டரில் ஆறு கட்டங்கள். பெயர், ஊர், போன் நம்பர், வந்த நேரம், யாரைப் பார்க்க, வெளியே போன நேரம். ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். கடைசியில் "மேட்ச்" என்று எழுதினேன். செக்யூரிட்டி அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மேட்ச்சுன்னு எழுதக் கூடாதுங்கம்மா. ஆளு பேரு எழுதோணும்."

பொங்கலை ஒட்டி மூன்று வாரம் கோவையில் இருந்தேன். வங்கி வேலை, ஆதாரில் முகவரி மாற்றம், அம்மாவுக்குக் கண் பரிசோதனை எல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தன. எழுத வேண்டியது இந்த கேட்டைப் பற்றித்தான்.

அண்ணன் மகள் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். ஊருக்கு வெளியே ஒரு மகளிர் கல்லூரியில் மூன்று நாள் போட்டி. கல்லூரியின் பெயர் வேண்டாம். விசாரித்த வரையில் பல இடங்களில் இதே நடைமுறைதான். முதல் இரண்டு நாளும் "கார்டியன்" என்று எழுதி உள்ளே போனேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலிறுதியில் எங்கள் பிள்ளையின் அணி ஒன்பது பாயிண்டில் தோற்றது. பஸ்ஸில் அழுதாள், காந்திபுரத்தில் இறங்கி பரோட்டா சாப்பிட்டதும் சரியானாள். மறுநாள் அரையிறுதியும் இறுதியும். அவளுக்கு வகுப்பு இருந்தது, நான் மட்டும் கிளம்பி வந்தேன்.

வந்ததற்குக் காரணம் வேறொரு அணியின் ஏழாம் நம்பர். முதல் நாள்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள், இடது கைக்காரி. பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது தலை குனியவே இல்லை. கண் முழுக்க எதிரே நிற்கும் ஐந்து பேர் மேலேயே இருக்கிறது. வலது பக்கம் போவது போல் தோளைச் சாய்ப்பாள், தடுக்க வந்தவள் அங்கே போனதும் இவள் இடது பக்கம் நுழைந்து கூடைக்குப் பக்கத்தில் போய் லே-அப் போட்டுவிடுவாள். ஒரே ஏமாற்றை நான்கு தடவை செய்தாள், நான்கு தடவையும் பலித்தது. ஐந்தாவது தடவை இரண்டு பேர் சேர்ந்து வழிமறித்தார்கள். பந்து கூடைக்கடியில் தனியாக நின்ற உயரமான பெண்ணின் கைக்குப் போயிருந்தது. எப்போது கொடுத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை. அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். "உங்க பாப்பா நேத்தே தோத்துட்டுதுங்களே, இன்னிக்கு எதுக்குங்க?" என்றார். ஏழாம் நம்பரைப் பார்க்க என்றேன். "அந்தப் புள்ள உங்களுக்கு என்ன ஒறவு?" உறவில்லை. "பேரு?" தெரியாது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மணி 9:40. ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். விளையாட்டுக்குப் பொறுப்பான பி.டி. மேடம் கூடைப்பந்து கோர்ட்டில் இருக்கிறார், எடுக்கவில்லை. முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார். வேப்பமரத்தடியில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. "உக்காருங்கம்மா, பாப்போம்" என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த ஐந்தாவது கட்டத்தின் மேல்.

முதல் அரையிறுதி முழுவதையும் அந்த பெஞ்சிலிருந்து காதால் கேட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடியில் கோர்ட். பந்து தரையில் அடிக்கும் சத்தம் சீராக வந்தால் யாரோ நிதானமாகக் கொண்டுவருகிறார்கள். படபடவென்று வந்தால் ஃபாஸ்ட் பிரேக். வளையத்தில் மோதினால் ஒரு டங். பிறகு ரீபவுண்டுக்குக் குதிப்பவர்களின் ஷூ சத்தம், விசில், "யாரு மேல?" என்று ஒரு கோச்சின் குரல். ஒரு தடவை, 24 வினாடிக்குள் கூடைக்கு எறியாவிட்டால் அடிக்கும் சைரன் அடித்தது. அட, ஷாட் கிளாக் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று எழுந்தே நின்றுவிட்டேன். ஸ்கோர் தெரியவில்லை. ஏழாம் நம்பர் அந்த ஆட்டத்தில் இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

நான் பத்தொன்பது வருடமாக அமெரிக்காவில், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு பக்கம் இருக்கிறேன். அங்கே குளிர்காலமென்றால் யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிதான். ஸ்டோர்ஸ் ஊரின் கேம்பல் அரங்கில் பத்தாயிரம் பேர் உட்காரலாம். பனி கொட்டும் செவ்வாய்க்கிழமை இரவில்கூட ஆட்கள் வருவார்கள். போனில் டிக்கெட் எடுத்து, வாசலில் காட்டி, உள்ளே போய் உட்காருவேன். யாரைப் பார்க்க வந்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் வரிசையில் ஒரு வயதான தம்பதி வருகிறார்கள். அணியில் அவர்களுக்குப் பேத்தியோ மருமகளோ கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு பெண்ணின் ஃப்ரீ த்ரோ எத்தனை உள்ளே போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 2025 ஏப்ரலில் டாம்பாவில் தென் கரோலினாவை 82-59 என்று வென்று யூகான் பன்னிரண்டாவது தேசியக் கல்லூரிப் பட்டம் எடுத்தபோது எங்கள் தெருவில் கார் ஹாரன் அடித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய இறுதியை அமெரிக்காவில் 1 கோடியே 89 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த வருடத்து ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம்தான்.

அங்கேயும் இது தானாக வந்துவிடவில்லை. 2021-இல் சான் அன்டோனியோவில் நடந்த அதே தேசியப் போட்டியில் பெண்கள் அணிகளுக்குக் கொடுத்த உடற்பயிற்சி இடத்தில் ஒரே ஒரு அடுக்கு டம்பெல்தான் இருந்தது. ஆண்களுக்கோ மண்டபம் நிறைய இயந்திரங்கள். ஒரு வீராங்கனை அதைப் போனில் எடுத்து உலகத்துக்குக் காட்டிய பிறகுதான் மாறத் தொடங்கியது. ஆண்கள் போட்டிக்கு இருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரையே பெண்கள் போட்டிக்கு 2022-இல்தான் கொடுத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு அரை மணி நேரம். 1891-இல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கிய ஊர் அது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் நார்த்தாம்ப்டன். அங்கே ஸ்மித் கல்லூரியில் 1893 மார்ச்சில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தன் மாணவிகளை இரண்டு அணியாக ஆடவிட்டார். ஆண்களுக்கு அனுமதியில்லை. 1896-இல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகப் பெண்கள் மோதியபோதும் அதே கட்டுப்பாடு. ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று ஜெயித்தது, ஆமாம், மொத்த ஸ்கோரே அதுதான். ஆனால் அந்த இரண்டு ஆட்டத்துக்கும் பெண்கள் திரளாக வந்து உட்கார்ந்து கத்தினார்கள். யாருடைய அம்மா, யாருடைய அக்கா என்று அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. நூற்று முப்பது வருடம் கழித்து, கல்லூரி அணியில் ஆடிய ஒரு பெண் நான், ஒரு மகளிர் கல்லூரியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் ஆடிய காலத்தில் இப்படி இல்லை. 1994-95. பாரதியார் பல்கலைக்கழக இன்டர்காலேஜ் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: வகுப்புக்குப் போகாததற்கு ஓ.டி. லெட்டர், பி.டி. மேடத்தோடு காலை ஆறு மணி பஸ், பை நிறைய குளுகோஸ், மேடம் எண்ணிக் கொடுக்கும் வாழைப்பழம். இருபது நிமிடமாக இரண்டு பாதி. சிமெண்டுத் தரை, விழுந்தால் முட்டி போய்விடும். ஆண்கள் ஆடும் ஏழாம் அளவுப் பந்துதான் எங்களுக்கும். பெண்களுக்கென்று ஆறாம் அளவு உலகப் போட்டிகளுக்கு வந்ததே 2004-இல். ஆனால் கேலரியில் ஆள் இருக்கும். பக்கத்து மில் லைன் வீட்டுப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து உட்காருவார்கள். விதி ஒன்றும் தெரியாது, யார் குட்டையோ அவள் பக்கம் கத்துவார்கள். நான் குட்டை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கேட்டை ஏன் இப்படி இறுக்கினார்கள் என்று அந்த அண்ணனே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் வெளியாட்கள் சிலர் வந்து, பெண்கள் ஆடுவதைப் போனில் எடுத்து, கேவலமான வார்த்தைகளோடு போட்டுவிட்டார்களாம். ஒரு பெண்ணின் அப்பா அவளை ஆடவே விடவில்லையாம். கேட்டதும் வயிறு எரிந்தது. அந்தக் கேடிகளைத் தடுக்கத்தான் வேண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்ளட்டும், ஆதாரைப் பார்க்கட்டும், பத்து ரூபாய் டிக்கெட் போடட்டும், கேலரியில் இரண்டு போலீஸ் அக்காக்களை உட்கார வைக்கட்டும். யாரோ செய்த தப்புக்குப் பார்வையாளர்களையே இல்லாமல் செய்தால், ஆடுகிற பெண்கள்தானே தண்டனை அனுபவிக்கிறார்கள்?

பார்க்க நம் மக்களுக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மே மாதம் பெரியகுளத்தில் கூடைப்பந்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். கோவையிலேயே சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்குப் பெரிய பெண்கள் அணிகள் வரும்போது குடும்பத்தோடு வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தெற்கு ரயில்வேக்கு ஆடிய அனிதா பால்துரை சென்னைப் பெண். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். இன்று பத்தொன்பது வயதில் இருக்கும் பெண்களை நாம் மதிலுக்குப் பின்னால் ஆட வைத்திருக்கிறோம்.

மணி 11:20 இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா இரண்டு டிபன் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மகள் இறுதிக்கு வந்துவிட்டாள், மதியச் சோறு கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், விசாரித்தார். ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் ஒரு கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, "இவங்க எங்க அக்காங்க, ரெண்டு பேரும் போறோம்" என்றார். செக்யூரிட்டி அண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஐந்தாவது கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா சொன்ன பெயரை எழுதினேன்.

உள்ளே போனதும் என் எரிச்சலில் பாதி போய்விட்டது. மேலே கூரை போட்ட கோர்ட், கால் வழுக்காத தரை. மேசையில் நான்கு மாணவிகள். ஸ்கோர் ஷீட் எழுதிய பெண் ஒரு குவார்ட்டருக்குச் சிவப்பு மை, அடுத்ததற்கு நீலம் என்று உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் முறைப்படி மாற்றி மாற்றி எழுதினாள், ஒரு அடித்தல்கூட இல்லை. ஷாட் கிளாக்கில் உட்கார்ந்த பெண் பந்து வளையத்தைத் தொட்டதா இல்லையா என்பதில் ஒரு தடவையும் ஏமாறவில்லை. இரண்டு நடுவர்களும் பெண்கள். காசு வாங்காமல் இத்தனை ஒழுங்கு! பார்க்க உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன். தோற்ற அணிகளையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர். எதிரே மூன்று மாடிக் கட்டடம் நிறைய அந்தக் கல்லூரியின் மாணவிகள் வகுப்பில் இருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களை ஒரு மேடம் உள்ளே போகச் சொன்னார்.

ஏழாம் நம்பர் இறுதியில் இருந்தாள். பொள்ளாச்சி அம்மாவின் மகள் எதிரணியில், ரிசர்வில். அதனால் ஒவ்வொரு கூடைக்கும் எங்கள் இருவரில் ஒருவர் கத்தினோம். மூன்றாவது குவார்ட்டரில் ஏழாம் நம்பருக்கு நான்காவது ஃபவுல் விழுந்தது, இன்னும் ஒன்று விழுந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே என்பதால் கோச் அவளை உட்கார வைத்தார். அவள் பெஞ்சில் ஒரு நிமிடம்கூடச் சாயவில்லை. துண்டை வாயில் கடித்துக்கொண்டு, உள்ளே ஆடுபவளுக்கு இடது கையாலேயே வழி காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறங்கினாள். அந்தத் தோள் சாய்ப்பை இந்தத் தடவை செய்யவே இல்லை. எல்லோரும் அதற்காகக் காத்திருக்க, நின்ற இடத்திலிருந்தே, தூரத்திலிருந்து எறியும் த்ரீ பாயிண்டர் ஒன்று போட்டாள். மறுபடி ஒன்று. நான் எழுந்து நின்று கத்தியதில் அவள் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். யாரென்று தெரியாத ஒருத்தி தனக்காகக் கத்துகிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

58-55. அவள் அணிதான் ஜெயித்தது. பொள்ளாச்சி அம்மாவுக்கு வருத்தம், ஆனாலும் தக்காளி சாதத்தில் எனக்கும் பங்கு கொடுத்தார்.

வெளியே வரும்போது மணி மூன்றரை. ரெஜிஸ்டரில் கடைசிக் கட்டத்தை நிரப்பக் குனிந்தேன். செக்யூரிட்டி அண்ணன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஏழாம் நம்பரு புள்ள என்னாச்சுங்க?"

சொன்னேன். அந்த இரண்டு த்ரீ பாயிண்டரையும் கையால் ஆடியே காட்டினேன்.

"அப்போ ரெண்டு தடவை சத்தம் வந்துச்சே, அது அவளுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.