ஹாலந்தா, லேக்கா? தொடக்ககால நீர்மூழ்கிகளின் போட்டி

1897-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரே கப்பல் கட்டும் தளத்தில் இரண்டு நீர்மூழ்கிகள் அக்கம்பக்கமாக உருவாகிக்கொண்டிருந்தன. ஒன்று, அயர்லாந்திலிருந்து வந்த பழைய பள்ளி வாத்தியார் ஜான் ஹாலந்தின் ‘பிளஞ்சர்’. மற்றொன்று, நியூ ஜெர்சிக்காரர் சைமன் லேக்கின் ‘ஆர்கோநாட்’. இருவருக்கும் எண்ணமே வேறு வேறு. ஹாலந்துக்கு நீர்மூழ்கி என்றால் ஆயுதம். லேக்குக்கு அது கடலடியில் ஓடும் வண்டி.

லேக்கின் படகுகளில் நிஜமாகவே சக்கரங்கள் இருந்தன. 1894-ல் அவர் செய்த முதல் சோதனைப் படகு 14 அடி நீளப் பைன் மரப்பெட்டி. பலகை அடுக்குகளுக்கு நடுவே கித்தான். கையால் சுற்றினால் சக்கரம் கடலடி மணலில் உருளும். முன்னறையில் காற்றழுத்தத்தை வெளியே உள்ள நீரழுத்தத்துக்குச் சமமாக ஏற்றிவிட்டு, தரையிலுள்ள கதவைத் திறப்பார்கள். தண்ணீர் உள்ளே வராது. அந்த வழியாக முக்குளிப்பவர் இறங்கலாம், ஏறலாம். துறைமுகத்தில் எதிரி போட்ட கண்ணிவெடிகளின் கம்பியை வெட்ட இதைவிட வசதி வேறில்லை என்பது லேக்கின் வாதம்.

மூழ்கும் முறையில்தான் பெரிய சண்டை. லேக்கின் படகு மூக்கைச் சாய்க்காமல், மட்டமாகவே கீழே போகும். பக்கவாட்டுத் தகடுகள் அதை அமுக்கும். ஆபத்துக் குறைவு, ஆனால் நிதானமாகத்தான் இறங்கும். ஹாலந்தோ பின்புறக் கிடைமட்டச் சுக்கான்களைத் திருப்பி, ஓங்கில் (டால்பின்) பாய்வதுபோல மூக்கைக் கவிழ்த்து உள்ளே போகச் செய்தார். தொட்டிகளில் நீரை நிரப்பினாலும் கொஞ்சம் மிதப்புத்திறனை எப்போதும் மிச்சம் வைப்பார். மோட்டார் நின்றால் படகு தானாக மேலே வந்துவிடும். டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு, வெளியேறியதும் அந்த எடைக்கு ஈடாகக் கடல்நீரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இந்த எடைக் கணக்குதான் ஹாலந்தின் உண்மையான சாதனை என்பேன்.

சரி, பிளஞ்சர் என்ன ஆனது? தோற்றது. மேற்பரப்பில் ஓட நீராவி என்ஜின்தான் வேண்டும் என்று, அதைக் கட்டச் சொன்ன அமெரிக்கக் கடற்படை அடம்பிடித்ததில், உள்ளே ஆள் நிற்க முடியாத வெக்கை. ஹாலந்து அதை விட்டுவிட்டு, தம் கம்பெனிப் பணத்திலேயே ‘ஹாலந்து VI’ கட்டினார். மேலே பெட்ரோல் என்ஜின், அடியில் மின்கலமும் மோட்டாரும். நீளம் சுமார் 54 அடி. 1900 ஏப்ரலில் கடற்படை 1,50,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் அவர் வடிவமைப்பில் தன் முதல் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கியது.

ஆனால் ஹாலந்து VI-க்குப் பெரிஸ்கோப் கிடையாது! இலக்கைப் பார்க்கவேண்டுமானால் கோபுரத்தை நீருக்கு மேலே தூக்கி, கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்து, மறுபடி மூழ்கவேண்டும். ஒளிந்திருப்பதற்கென்றே கட்டிய படகுக்கு இது எவ்வளவு பெரிய குறை! லேக்கின் 1902-ஆம் ஆண்டுப் படகான ‘புரொடெக்டர்’ நீருக்கடியில் இருந்தபடியே பார்க்கும் கருவியோடு வந்தது. ராணுவ அதிகாரிகள் சோதித்துப் பாராட்டினார்கள். ஆனாலும் அரசு வாங்கவில்லை. 1904-ல் அது ரஷ்யாவுக்கு விலைபோனது. அதே சமயம் ரஷ்யாவோடு போரிட்ட ஜப்பான், ஹாலந்து வகைப் படகுகள் ஐந்தை வாங்கியது. ஹாலந்தின் படகை விற்ற நிறுவனம் ரஷ்யாவுக்கும் ஒன்று விற்றது, வியாபாரம்தானே!

1900-ல் முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்திருந்தால் ஹாலந்தையே எடுத்திருப்பேன். சட்டென்று மறையத் தெரியாத படகு போருக்கு உதவாது. சக்கரத்தைப் பிற்காலத்தில் யாரும் சீண்டவில்லை. ஆனால் லேக்கின் முக்குளிப்பவர் அறையின் வாரிசை, அதிரடிப்படை வீரர்களை ரகசியமாக இறக்கிவிடும் நீர்மூழ்கிகளில் இன்றும் பார்க்கலாம்.