எப்சிடிக் கோப்புகளோடு சில வருடம்: டிடி, ஐகான்வ், பைதன் பாவித்த அனுபவம்

கல்லடியில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குத் தரவு மாற்றிக் கொடுக்கிற வேலை செய்கிறேன். வருவதில் பெரும்பகுதி ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் (பெரிய கொம்பனிகளின் பெருங்கணினியில்) இருந்து இறக்கிய பழைய காப்புறுதிக் கோப்புகளும் சம்பளப் பட்டியல்களும்தான். அவற்றை எப்சிடிக் (EBCDIC) என்ற மெயின்ஃப்ரேம் எழுத்துக் குறியீட்டில் இருந்து, இன்றைய கொம்பியூட்டர்கள் பாவிக்கிற யூடிஎஃப்-8 க்கு மாற்றவேண்டும். இத்தனை வருடமாகக் கையில் இருப்பது மூன்றே சாமான்: கோப்பை வெட்டி மாற்றுகிற டிடி (dd) கட்டளை, ஒரு குறியீட்டை இன்னொன்றாக்குகிற ஐகான்வ் (iconv) கட்டளை, பைதன் (Python) நிரல்மொழி. மூன்றுமே இலவசம். காசுக்கு விற்கிற மென்பொருட்களும் இருக்கின்றன, நான் பாவித்ததில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தலையிடி ஓரளவு விளங்கும். ஆனால் பாமினியில் உள்ளே இருப்பது சாதாரண ஆங்கில எழுத்துக்குரிய எண், மேலே தெரிகிற உருவம் மட்டும் தமிழ். எப்சிடிக்கில் எண்ணே வேறு. சாதாரணக் கொம்பியூட்டர்களின் ஆஸ்கி (ASCII) குறியீட்டில் பெரிய ‘ஏ’ (A) 65, எப்சிடிக்கில் 193. பூச்சியம் அங்கே 48, இங்கே 240. எழுத்துகள் ஒரே வரிசையாகவும் இல்லை: ஏ முதல் ஐ வரை 193 இல் இருந்து 201, அப்புறம் ஒரு பள்ளம், ஜே 209 இல் தொடங்கி ஆர் 217 இல் முடியும், மறுபடி பள்ளம், எஸ் 226. துளையிட்ட அட்டைக் காலத்து மிச்சம் அது. 1964 இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினி வந்தபோது அதோடு வந்த குறியீடு இன்றைக்கும் வங்கிகளிலும் காப்புறுதிக் கொம்பனிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னோடு வேலை பழகுகிற கல்முனைத் தம்பி முதல் கோப்பைத் திறந்துவிட்டுக் கேட்டது: “அண்ணன், எல்லா இடத்திலயும் @ @ எண்டு நிரம்பிக் கிடக்கு, ஃபைல் பழுதாப் போச்சா?” பழுதில்லை மனே, அது வெறும் இடைவெளி என்றேன். எப்சிடிக்கில் இடைவெளிக்கு 64, ஆஸ்கியில் 64 என்றால் @. கோப்பு முழுக்க @ வரிசையாக நின்றால் அது எப்சிடிக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் கோப்பின் உள்ளே இருக்கிற எண்களைக் காட்டுகிற எக்ஸ்எக்ஸ்டி (xxd) கட்டளைக்குப் பெரிய ‘ஈ’ (-E) தெரிவைக் கொடுங்கள், வலது பக்க நிரலை எப்சிடிக்காகவே வாசித்துக் காட்டும், மாற்றாமலே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். இந்தத் தெரிவு இருப்பது பலருக்குத் தெரியாது, எனக்கு இது பெரிய உதவி.

சரி, டிடி. மெயின்ஃப்ரேம் கோப்பில் பெரும்பாலும் வரி முடிவுக் குறியே இருக்காது, ஒவ்வொரு பதிவும் 80 எழுத்து என்றால் 80 எழுத்து, அவ்வளவுதான், அடுத்த பதிவு ஒட்டிக்கொண்டே தொடங்கும். டிடிக்குப் பதிவின் நீளத்தைச் சொல்லி ஆஸ்கிக்கு மாற்று என்றால், 80 எழுத்துக்கு ஒருக்கா வெட்டி, பின்னால் நிற்கிற இடைவெளிகளைக் கழித்து, புது வரி போட்டுக் கொடுத்துவிடும். ஒரே வரிக் கட்டளை. சும்மா ஒரு பார்வை பார்க்க இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கிற அட்டவணை ஒன்றே ஒன்று, கொம்பனி எந்தக் குறியீட்டுப் பக்கத்தில் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையில்) எழுதியது என்று அதற்குச் சொல்ல வழி கிடையாது, ஆகவே கடைசி வேலைக்கு நான் டிடியை எடுப்பதில்லை.

அங்கேதான் ஐகான்வ் வருகிறது. எப்சிடிக் என்று ஒன்று இல்லை, அது ஒரு குடும்பம். அமெரிக்கக் கோப்பென்றால் பெரும்பாலும் 037, ஐரோப்பியக் கோப்பில் 500 அடிக்கடி வரும், மெயின்ஃப்ரேமின் யூனிக்ஸ் பக்கத்தில் 1047, யூரோ அடையாளம் வேண்டியவர்களுக்கு 1140. ஆங்கில எழுத்தும் இலக்கமும் இவை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அடைப்பு, ஆச்சரியக்குறி போன்ற குறிகள்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். சதுர அடைப்பின் திறப்பு ‘[’, 037 இல் 186, 1047 இல் 173, 500 இல் 74. அதனால் பிழையான பக்கத்தைத் தெரிவுசெய்தாலும் பெயர், விலாசம் எல்லாம் அழகாக வரும், யாருக்கும் சந்தேகமே வராது, எங்கேயோ நாலாயிரமாவது பதிவில் ஆச்சரியக்குறி நிற்கவேண்டிய இடத்தில் நிமிர்ந்த கோடு நிற்கும். நான் செய்வது: மாற்றிய கோப்பில் அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி, நிமிர்ந்த கோடு மூன்றையும் தேடிப் பார்ப்பது. அவை சொல்லிவிடும் எந்தப் பக்கம் என்று.

ஐகான்வில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, அதன் பழைய பதிப்புகள் கோப்பை முழுதாக நினைவகத்துக்குள் இழுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும், என்னுடைய பழைய லேப்டொப்பில் பெரிய கோப்பு போட்டால் மூச்சு முட்டும், துண்டு துண்டாக வெட்டிப் போடவேண்டும். மற்றது வரி முடிவு. எப்சிடிக்கில் 21 என்பதும் 37 என்பதும் இரண்டு விதமான வரி முடிவு, ஐகான்வ் 37 ஐத்தான் நமக்குத் தெரிந்த புது வரியாக மாற்றும், 21 ஐ யூனிகோடின் 133 ஆக விட்டுவிடும், பெரும்பாலான எடிட்டர்களுக்கு அது வரியே இல்லை. கோப்பு முழுவதும் ஒரே நீள வரியாக வந்தால் பயப்படவேண்டாம், 133 ஐப் புது வரியாக மாற்றிவிட்டால் சரி.

இதெல்லாம் சில்லறை. உண்மையான ஆபத்து இலக்கங்களில். மெயின்ஃப்ரேமில் ஓடுகிற கோபோல் என்ற பழைய மொழியின் நிரல்கள் தொகைகளைப் பெரும்பாலும் எழுத்தாகச் சேமிப்பதில்லை, காம்ப்-3 என்று ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கமாக நெருக்கி வைக்கும், கடைசி அரைப் பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி. 12345 என்ற தொகை மூன்றே பைட்டில் அடங்கும், அவற்றைத் தசமத்தில் சொன்னால் 18, 52, 92. இதை 037 என்று சொல்லி ஐகான்விடம் கொடுத்தால் அதற்கு இது தொகை என்று எப்படித் தெரியும்? எழுத்தென்று நினைத்து 92 ஐ நட்சத்திரக் குறியாக்கும், 52 ஐ ஒரு கட்டுப்பாட்டு எழுத்தாக்கும், அந்த எழுத்து யூடிஎஃப்-8 இல் இரண்டு பைட் எடுக்கும். மூன்று பைட் நாலாகிவிட்டது, தொகையும் போச்சு, பதிவில் அதற்குப் பின்னால் நிற்கிற எல்லாக் களமும் (பெயர், தொகை போன்ற பகுதிகளும்) ஒரு பைட் தள்ளிப் போச்சு. 037 இல் 256 எண்ணுக்கும் ஏதோ ஒன்று ஒதுக்கப்பட்டிருப்பதால் ஒரு பிழைச் செய்தி கூட வராது. எனக்கு ஐகான்வின் மேல் இருக்கிற பெரிய குறை இதுதான், குறை என்று சொல்வது நியாயமா தெரியவில்லை, அது கேட்ட வேலையைத்தான் செய்கிறது.

எழுத்தாகச் சேமித்த தொகைகளிலும் ஒரு விளையாட்டு உண்டு. கடைசி இலக்கத்தோடு குறியையும் சேர்த்து எழுதுவார்கள். கழித்தல் 120 மாறி வரும்போது 12} என்று நிற்கும், கழித்தல் 123 என்றால் 3 இருக்கவேண்டிய இடத்தில் ‘எல்’ எழுத்து. பார்த்தால் குப்பை மாதிரி, ஆனால் ஒழுங்கான குப்பை, அட்டவணை வைத்துத் திருப்பி எடுத்துவிடலாம்.

ஆகவே இப்போது வேலைக்கு ஒத்துக்கொள்ள முதல் நான் கேட்பது காப்பிபுக், அதாவது எந்தக் களம் எங்கே தொடங்குகிறது, எழுத்தா நெருக்கிய தொகையா என்று கோபோலில் எழுதிய வரைவு. இல்லை என்றால் விலை வேறு. அடுத்தது, கோப்புகளை அனுப்புகிற எஃப்டிபி முறையில் கோப்பைப் பைனரியாக, அதாவது எதையும் மாற்றாமல், அனுப்பச் சொல்வது. ஒரு கொம்பனி எத்தனை தரம் சொல்லியும் எழுத்து முறையிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது, வழியிலேயே எல்லாம் ஆஸ்கியாக மாற்றப்பட்டு வந்து சேரும், பெயரெல்லாம் பளிச்சென்று இருக்கும், தொகை ஒன்றும் தேறாது. “எங்கள் பக்கம் சரியாகத் தெரிகிறது” என்று பதில் வேறு. தெரியும்தானே, அவர்கள் பார்த்தது பெயரை. நீளம் மாறும் பதிவுகள் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் நாலு பைட் இருக்கவேண்டும், முதல் இரண்டில் அந்த நாலையும் சேர்த்த நீளம், மற்ற இரண்டும் பூச்சியம். எஃப்டிபி சும்மா விட்டால் அதைக் கழற்றிவிட்டு அனுப்பும், அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்கவேண்டும்.

இந்தக் கலப்புக் கோப்புகளுக்குப் பைதன்தான். பைட்டாக வாசித்து, களம் களமாக வெட்டி, எழுத்துக் களத்தை மட்டும் எப்சிடிக்கில் இருந்து மாற்றி, தொகையை அரைப் பைட்டாகப் பிரித்து எண்ணாக்கலாம். 037, 500, 1140 மூன்றும் கூடவே வரும். 1047 மட்டும் கிடையாது, இத்தனை பதிப்பு வந்தும் ஏன் சேர்க்கவில்லையோ. ஆனால் 037 க்கும் 1047 க்கும் வித்தியாசம் ஆறே இடம்தான்: 95 உம் 176 உம் தங்களுக்குள் மாறும், 173 உம் 186 உம் மாறும், 187 உம் 189 உம் மாறும். மாற்ற முதல் அந்த ஆறையும் இடம் மாற்றிவிட்டு 037 என்றே வாசிக்கலாம்.

வாடிக்கையாளர் அடிக்கடி முறைப்படுகிற இன்னொன்று வரிசை. எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில், அடுத்து பெரிய எழுத்து, இலக்கம் கடைசியில். ஆஸ்கியில் இலக்கம் முதலில், பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. எழுத்தும் இலக்கமும் கலந்த காப்புறுதி இலக்கத்தின்படி அங்கே வரிசைப்படுத்திய கோப்பு இங்கே வரிசை குழம்பினதாகத் தெரியும், இரண்டு கோப்பை ஒப்பிடுகிற நிரல்கள் அதில் தடக்கி விழும். மாற்றிய பிறகு திரும்ப ஒருக்கா வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுவது சுகம்.

திருப்பி மெயின்ஃப்ரேமுக்கு அனுப்பும்போது கதை வேறு. இந்தத் திசையில் ஐகான்வ் கறார். 037 இல் இல்லாத எழுத்து ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தமிழ் எழுத்துக்கு அங்கே இடமே இல்லை, அது தெரிந்த விசயம். வழமையாக மாட்டுவது வேர்டில் இருந்து ஒட்டிய பட்டியல்களில் வருகிற வளைந்த மேற்கோள் குறி. இதை நிரலில் நேராக்கிவிட்டுத்தான் ஐகான்வுக்குக் கொடுக்கிறேன். முடிந்தவரை பட்டியலை வேர்டில் இல்லாமல் வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாக அனுப்பச் சொல்லியும் வைத்திருக்கிறேன், பாதிப்பேர் கேட்கிறார்கள்.