கோன் புல்லியா, கியர் ஹெட்டா: வேலூர்ப் பக்கம் பழைய லேத் வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவருக்கு

காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நம் பக்கம் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரம்) தேடி அலைந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு ரகம்தான். ஒன்று, பஞ்சாபின் படாலா, லூதியானா பட்டறைகளில் வார்த்து வந்த, படிப்படியான கோன் புல்லி வைத்த பெல்ட் லேத். டேனரிகளின் டிரம் ஷாஃப்டையும் புஷ்ஷையும் கடைந்தே வயதானது. இன்னொன்று, ஆலை ஏலத்தில் வெளியே வரும் எச்.எம்.டி., கிர்லோஸ்கர் மாதிரி, வேகம் மாற்றும் பல்சக்கரங்கள் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கும் முழு கியர் ஹெட் லேத். மூன்றாவதாக இங்கிலாந்தின் மைஃபோர்டைப் பற்றி வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிறகு சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரித்து, புரிந்துகொண்டு, திரும்பப் பூட்டி, அதில் சொந்த வேலையும் செய்ய வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு கோன் புல்லிக்கு. எச்.எம்.டி. மட்டமா? இல்லவே இல்லை, எந்திரமாகப் பார்த்தால் அதுதான் உசத்தி. ஆனால் அதன் புத்திசாலித்தனம் முழுக்க எண்ணெய்ப் பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது, கெட்டால் செலவும் அங்கேதான். படாலா லேத்தில் எல்லாமே வெளியே. எந்தக் கியர் எதற்கு என்று, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்-ஐக் கையால் சுற்றிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பேக் கியரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோன் புல்லி, சக்-ஐச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலோடு இறுகியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஸ்பிண்டில் மேல் சும்மா சுற்றும். சாவி போட்டு ஸ்பிண்டிலோடு இறுகியிருப்பது பக்கத்தில் நிற்கும் பெரிய பல்சக்கரம், புல் கியர். இரண்டையும் பிணைப்பது ஒரு சின்ன பின். பின் உள்ளே இருந்தால் பெல்ட்டின் வேகம் அப்படியே ஸ்பிண்டிலுக்குப் போகும். பின்னை வெளியே இழுத்துவிட்டு, பின்பக்க லீவரைத் திருப்பினால், மையம் விலகிய எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மேல் உட்கார்ந்திருக்கும் கியர் ஜோடி முன்னே வந்து கடித்துக்கொள்ளும். புல்லியின் சின்ன கியர் பின்னாலுள்ள பெரியதைச் சுற்றும், அந்தப் பெரியதோடு ஒட்டிப்பிறந்த சின்னது புல் கியரைச் சுற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்று வைத்தால் கடைசியில் ஒன்பதில் ஒன்று, உராய்வில் போவது போக முறுக்குவிசை கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. புல்லியில் மூன்று படி இருந்தால் ஆறு வேகம் கையில் கிடைத்துவிட்டது. ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817-இல் செய்த லேத்திலேயே இந்த பேக் கியர் உண்டு, இன்றுவரை இதைவிடக் குறைந்த உறுப்புகளில் இந்த வேலையைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வியாதியும் உண்டு. சக் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை என்றால், பின்னையும் போட்டு பேக் கியரையும் சேர்த்துவிட்டால் ஸ்பிண்டில் பூட்டிக்கொள்ளும், அப்புறம் நீளமான பைப்பை மாட்டி ஒரு இழு. அந்த இழுப்பில் வார்ப்பிரும்புப் பல் ஒன்று போய்விடும். அதனால் பழைய லேத் பார்க்கப் போனால் முதலில் புல் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பல்லைப் பாருங்கள். ஒன்றிரண்டு போயிருந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தில் வரிசையாக ஸ்டட் இறக்கி, கேஸில் பித்தளை ஓட்டி நிரப்பி, அரத்தால் ராவிப் பல்லாக்கிவிடுவார்கள், நம் ஊரில் இது தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

கியர் ஹெட்டில் இதே காரியத்தைச் செய்வது, நீளவாக்கில் பள்ளம் வெட்டிய ஸ்பிளைன் ஷாஃப்டில் வழுக்கி நகரும் கியர்கள். லீவரைத் தள்ளினால் வேகம் மாறும், பெல்ட்டைக் கழற்றி மாட்டும் தொல்லையில்லை, கனமான வெட்டுக்கும் அசராது. ஆனால் ஓடும்போதே லீவரைத் தள்ளிப் பழகிய ஆபரேட்டர் கையில் இருந்த லேத் என்றால் பல் முனைகள் கடித்துத் துப்பியது போல இருக்கும். மேல் மூடியைத் திறக்காமல் விலை பேசாதீர்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, விரலில் மினுமினுப்பாக ஒட்டினால் பேரிங்கோ கியரோ உதிர்கிறது. எச்.எம்.டி. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம், நாடு முழுக்க அதன் லேத் ஓடியதால் பழைய உதிரி இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஹரிஹரில் 1941-இல் பிறந்த மைசூர் கிர்லோஸ்கர் ஆலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, அதற்கு உடைந்த கியரைக் காட்டிப் புதிதாக வெட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் வழி.

அடுத்தது மரை வெட்டுவது. இங்கேதான் இரண்டு ரகத்துக்கும் குணம் முழுசாக வெளியே வரும். பெல்ட் லேத்தில் இடது முனையில், மரையின் அளவைத் தீர்மானிக்கும் சேஞ்ச் கியர்களை நீங்களே கழற்றி மாட்ட வேண்டும், கை முழுக்கக் கறுப்பு. கியர் ஹெட்டில் நார்ட்டன் பெட்டி: ஒரே ஷாஃப்டில் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிய கியர்கள், அவற்றில் வேண்டியதைப் போய்க் கடிக்கிற ஒரு நகரும் கியர், கைப்பிடியை அடுத்த ஓட்டைக்கு மாற்றினால் அடுத்த பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்). வெண்டல் நார்ட்டன் 1892-இல் காப்புரிமை வாங்கியது. வசதி என்றால் இதுதான் வசதி. ஆனால் சேஞ்ச் கியர் மாட்டிப் பழகியவருக்குக் கிடைக்கும் கணக்கு நார்ட்டன் பெட்டிக்காரருக்குக் கிடைக்காது.

உதாரணத்துக்கு, பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூ, அதாவது மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு, இஞ்சுக்கு 8 மரை என்று வையுங்கள், அதன் பிட்ச் 3.175 மி.மீ. அதில் 10 மி.மீ. போல்ட்டுக்கான 1.5 மி.மீ. மரை வெட்ட 60-க்கு 127 என்ற விகிதம் வேண்டும். இஞ்சு என்பது 25.4 மி.மீ., 254-இல் பாதி 127, அது பகா எண், அதற்கு மேல் உடையாது; அதனால்தான் அந்தப் பெரிய 127 பல் சக்கரம் இல்லாமல் இஞ்சு லேத்தில் சுத்தமான மில்லிமீட்டர் மரை வராது. அது தொலைந்துபோயிருந்தால் 63, 80 பல் ஜோடி கைகொடுக்கும்: 63-ஐ 80-ஆல் வகுத்தால் 0.7875, 100-ஐ 127-ஆல் வகுத்தால் 0.7874 (இதில் ஐந்தில் மூன்று பங்குதான் மேலே சொன்ன 60-க்கு 127). நூறு மி.மீ. நீள மரைக்குப் பிசகு 0.0125 மி.மீ.தான், போல்ட்டுக்கு அது ஒன்றுமேயில்லை.

கியர் அமைந்துவிட்டது, அப்புறம் ஹாஃப் நட், அதாவது லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் இரண்டாகப் பிளந்த நட். இஞ்சு மரை என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து, டூலைச் சுமக்கும் கேரேஜைக் கையால் பின்னுக்குக் கொண்டுவந்து, கேரேஜின் முன்பக்கப் பெட்டியான ஏப்ரன் பக்கத்திலுள்ள டயல் சொல்லும் கோட்டில் மூடலாம். 8 மரை லீட் ஸ்க்ரூவில் டயலின் அடிக் கியருக்கு 16 பல் என்றால் ஒரு சுற்று இரண்டு இஞ்சு. நாலு கோடு இருந்தால் இரட்டைப்படை மரைக்கு எந்தக் கோடும் சரி, ஒற்றைப்படை என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. தண்ணீர்க் குழாயின் ஒரு இஞ்சு மரை இஞ்சுக்கு 11, அதற்கு இரண்டாம் விதி. இதையே மில்லிமீட்டர் மரைக்கு நம்பினால் வேலை பாழ். இஞ்சு லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது, டூலை வெளியே இழுத்து மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்ப வேண்டும். ரிவர்ஸ் என்றதும் கோன் புல்லியின் பெரிய குறை முன்னே வந்து நிற்கிறது: அதன் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையால் ஏறி நிற்கிறது, படக்கென்று ரிவர்ஸ் போட்டால் சக் கழன்று வரலாம். மரையில்லாமல் பூட்டிப் பிடிக்கும் கேம்லாக் மூக்கு உள்ள கியர் ஹெட்டுக்கு இந்தப் பயமில்லை. லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச் உள்ள லேத்தாக வாய்த்தால் இன்னும் நிம்மதி, 1, 1.5, 2, 3 மி.மீ. எல்லாம் 6-ஐ மீதியின்றி வகுக்கும் என்பதால் ஹாஃப் நட்டை எங்கே மூடினாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். 1.25, 1.75, 2.5 அப்படி வகுபடாது, கவனம். தினமும் மில்லிமீட்டர் மரைதான் பிழைப்பு என்பவர் என் ஓட்டைக் கண்டுகொள்ளாமல் கியர் ஹெட்டுக்கே போகலாம்.

எந்த ரகமானாலும் சாவது பெட்டில்தான், அதாவது கேரேஜ் ஓடும் நீளமான அடிப்பாகத்தில். சக்கை ஒட்டிய ஒரு அடி, ஒன்றரை அடியில்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள், அங்கே தேய்கிறது, எதிர் முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் புதிது போலவே இருக்கிறது. கேரேஜ் லாக்கை சக் அருகே லேசாக உரசும் அளவுக்கு இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் சுற்றிக்கொண்டு போங்கள், நடுவில் சிக்கி நின்றால் தேய்மானம் பெரிது. லீட் ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும். மலிவான லேத்களில் சாதாரணக் கடைசலுக்கும் ஹாஃப் நட்டையே பிடித்து ஓட்டியிருப்பார்கள், அதன் மரை சக் பக்கம் மெலிந்து கத்தி மாதிரி ஆகியிருக்கும். நல்ல லேத்தில் ஃபீடுக்கு, அதாவது டூல் தானாக நகர, தனி ராடு இருக்கும், ஃபீடும் ஹாஃப் நட்டும் ஒன்றாகச் சேராமல் தடுக்க ஏப்ரனுக்குள் ஒரு இன்டர்லாக்கும் இருக்கும்.

தேய்ந்த பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பலாமா? சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரியில் ஏற்றி அனுப்பி வாங்கலாம், இரண்டுமே எட்டும் தூரம்தான். ஆனால் பெட்டில் அரை மி.மீ. எடுத்தால் அதன் மேல் உட்காரும் கேரேஜின் அடிப்பகுதியான சேடில் அரை மி.மீ. இறங்கும், ஏப்ரன் இறங்கும், லீட் ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே நிற்கும். ஹாஃப் நட் மூடும்போதெல்லாம் ஸ்க்ரூவை வளைக்கும். சேடிலுக்கு அடியில் டர்சைட் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கியர் பெட்டியையும் பிராக்கெட்டையும் இறக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு 0.1 மி.மீ. தேய்மானத்தோடு வாழ்ந்துவிடலாம் என்பதே என் கட்சி, குட்டையான வேலைகளில் அது தெரியக்கூடத் தெரியாது.

துரு எடுக்க சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை மாட்டும் முறை நன்றாக வேலை செய்கிறது. பாசிட்டிவ் பக்கம் சாதாரண இரும்புத் தகடுதான் போட வேண்டும், ஸ்டெயின்லெஸ் போடவே கூடாது; அதிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து வரும், அது நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெயின்ட் உங்கள் இஷ்டம்.

பெல்ட்டுக்கு நம் ஊரில் கவலையே வேண்டாம் என்று நினைக்கத் தோன்றும், தோல் ஊராயிற்றே. ஆனால் இங்கே பதப்படுவது பெரும்பாலும் ஷூவுக்கான மெல்லிய குரோம் தோல், அதை அப்படியே அறுத்துப் போட்டால் இழுத்துக்கொண்டே போகும். பழைய காலத்துப் பெல்ட்டுக்கு மரப்பட்டையில் பதப்படுத்திய தடித்த தோல் வேண்டும். நடுவில் நைலான், உரசும் பக்கம் குரோம் தோல் என்று வரும் சாண்ட்விச் பெல்ட் வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம்.

இடமும் கரண்ட்டும் முடிவை மாற்றிவிடும். முழு கியர் ஹெட் என்றால் ஒன்றரை, இரண்டு டன் கணக்கு, குட்டி யானையில் ஏறாது, கிரேன் வேண்டும், தரைக்குக் கான்கிரீட் வேண்டும், த்ரீ ஃபேஸ் வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வீடு என்றால், அதை த்ரீ ஃபேஸாக்கி மோட்டார் வேகத்தையும் மாற்றும் வி.எஃப்.டி. கருவி போட்டு, ஸ்டார் இணைப்பில் இருக்கும் மோட்டாரை டெல்டா இணைப்பாக மாற்றிக் கட்டி ஓட்டலாம், ஸ்டார் முனைகள் வெளியே வராத பழைய மோட்டார் என்றால் ரீவைண்டிங் கடைக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும்: வி.எஃப்.டி. வேகத்தைக் குறைக்கும், முறுக்குவிசையை ஒன்பது மடங்காக்காது. அது இருக்கிறதே என்று பேக் கியரைக் கழற்றிப் போடுகிற ஆட்களைப் பார்க்கிறேன், சித்திரை வெயிலில் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சொந்த ஃபேன் காற்றும் இல்லாமல் வெந்துபோகும்.

மைஃபோர்டு எம்.எல்.7 1946-இல் வந்தது, மூன்றரை இஞ்சு சென்டர் உயரம், அழகான வேலைப்பாடு, இரண்டு பேர் தூக்கிவிடலாம், மாடியில்கூட வைக்கலாம். நம் பக்கம் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் டேனரி ஷாஃப்டையெல்லாம் அதில் மாட்ட முடியாது. யாராவது வீட்டோடு காலி செய்யும்போது சல்லிசாகக் கொடுத்தால் விடாதீர்கள், தேடிப் போகாதீர்கள்.

விலை பேசும்போது வெறும் லேத்துக்கு மட்டும் பேசாமல் நாலு ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, சேஞ்ச் கியர் டப்பா எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். ஏலத்தில் லேத் ஒரு லாட்டிலும் அந்த டப்பா வேறொரு லாட்டிலும் போய்விடும், டப்பாவை எடுத்தவர் காயலான் கடைக்காரராக இருந்தால் அன்று மாலையே போய்ப் பிடிக்க வேண்டும்.