ஓடும் காரில் பவர் ஸ்டேஷன் சார்ஜிங்: ஆல்டர்நேட்டரிடம் எவ்வளவு கேட்கலாம்?

1 கிலோவாட்-அவர் அளவுள்ள பவர் ஸ்டேஷனை (கையில் தூக்கிப் போகக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி) வாங்கி காரிலேயே வைத்துக்கொள்பவர்கள் இப்போது அதிகம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ட்ரோன் ஓட்டுபவர்கள், கள ஆய்வுக்குப் போகிறவர்கள், குடும்பத்தோடு கூடாரம் போடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டி ஓடும்போதே இது நிரம்பிவிடுமா? நிரம்பும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 500 வாட், 800 வாட் என்ற எண்ணை மட்டும் நம்பி வயர் இழுத்தால் முதலில் அடிவாங்குவது, எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர்தான். பல மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எங்கள் முடிவு இது: நம் ஊர் சாதாரண காருக்கு 200 முதல் 350 வாட் வரைதான் நிம்மதி.

பவர் ஸ்டேஷனோடு வரும் சிகரெட் லைட்டர் கேபிளிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான ஸ்டேஷன்கள் கார் சாக்கெட்டிலிருந்து 8 அல்லது 10 ஆம்பியர்தான் எடுக்கும். வயரில் விழும் வோல்டேஜ் போக, கையில் கிடைப்பது சுமார் 100 வாட். சென்னையிலிருந்து மதுரை வரை எட்டு மணி நேரம் ஓட்டினாலும் 1 கிலோவாட்-அவர் முழுதாக நிரம்பாது. எழுபது சதவீதத்தைத் தாண்டினால் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது பிளக்கின் சூடு. அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கின் தலையை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நடுப் பின்னின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் தளரத் தளர தொடும் இடத்தில் மின்தடை கூடும், சூடு ஏறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், கடைசியில் சாக்கெட் உருகும். ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் மின்னோட்டம் 8 ஆம்பியரைத் தாண்டவே இல்லை. 10 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு 20 போடுவது தீர்வே அல்ல; உள்ளே போகும் வயர் அதைத் தாங்காது.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து தொடர்ந்து 8 ஆம்பியர் போனால், மூன்று மணி நேரத்தில் செல்ஃப் எடுக்காது. வாங்கிய அன்றே இதைச் சோதித்துவிடுங்கள்.

அடுத்த வழி, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, 12 வோல்ட்டை 24 வோல்ட்டாக்கும் ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர் வைத்து, ஸ்டேஷனின் சோலார் இன்புட்டில் கொடுப்பது. செலவுக்கு மிகச் சரியான வழி இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஸ்டேஷனின் உள்ளே இருக்கும் எம்பிபிடி (சோலார் பேனலிலிருந்து உச்ச அளவு மின்சாரம் எடுக்கும் சுற்று), எதிரில் இருப்பது சோலார் பேனல் என்று நினைத்து, முடிந்த அளவு மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கும். பேனல் என்றால் வோல்டேஜ் தானாக இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். மலிவான கன்வெர்ட்டர் அப்படி நிற்காது: ஓவர்லோட் ஆகி அணையும், இரண்டு விநாடியில் திரும்ப வரும், மறுபடி அணையும். திரையில் 0, 240, 0 என்று எண் துள்ளினால் காரணம் இதுதான். ஆப்பில் இன்புட் ஆம்பியரைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷன் கேட்கும் உச்ச அளவைவிட இருபது சதவீதம் பெரிய கன்வெர்ட்டர் வேண்டும், அல்லது விக்ட்ரான் ஓரியன் 12/24-15 போல மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் ரகம் வேண்டும். அது 360 வாட் வரை தரும்.

பலர் கவனிக்காத சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. சில ஸ்டேஷன்கள், சோலாருக்கும் காருக்கும் பொதுவான எக்ஸ்டி60i பிளக்கில் மூன்றாவது பின் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, சோலாரா காரா என்று முடிவு செய்கின்றன. கார் என்று முடிவு செய்தால் 8 ஆம்பியரில் நின்றுவிடும். அந்த கார் கேபிளிலேயே 24 வோல்ட் கொடுத்தால் 190 வாட் கிடைக்கும். சாக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கன்வெர்ட்டர் ஓவர்லோட் ஆகும் பிரச்சினையும் இல்லை. கன்வெர்ட்டரின் 12 வோல்ட் பக்கம் 16 ஆம்பியர் இழுக்கும் என்பதால் இதையும் சாக்கெட்டிலிருந்து எடுக்கக் கூடாது; 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தனி வயர், 25 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கொடுக்கும் முன் ஸ்டேஷனின் அடியில் அச்சிட்டிருக்கும் உச்ச வோல்டேஜையும் பாருங்கள். சிறிய ரகங்கள் சில 28 அல்லது 30 வோல்ட்டோடு நின்றுவிடும்.

மூன்றாவது, இதற்கென்றே செய்த ஆல்டர்நேட்டர் சார்ஜர்கள். இகோஃப்ளோவின் 800 வாட், ப்ளூட்டியின் 560 வாட் சார்ஜர் 1 இரண்டும் பரவலாகத் தெரிந்தவை. ஸ்டேஷனிலிருந்து கார் பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் கொடுக்கும் வசதி இகோஃப்ளோவில் உண்டு. வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது அது உண்மையாகவே உதவும். ஆனால் 800 வாட் என்றால் பேட்டரி முனையில் 65 ஆம்பியருக்கு மேல். அதை எந்த ஆல்டர்நேட்டர் கொடுக்கும்?

ஆல்டர்நேட்டர் மீது அச்சிட்டிருக்கும் ஆம்பியர், அது நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஓடும்போது, 25 டிகிரி சூழலில் அளந்தது. கியர் நியூட்ரலில் எஞ்சின் 750 சுற்றில் நிற்கும்போது ஆல்டர்நேட்டர் 2,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் சுழலும். பானெட்டுக்குள் வெப்பம் ஏறிய பிறகு, அந்த வேகத்தில் அச்சிட்ட அளவில் பாதி கிடைத்தாலே நல்லது. 75 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் என்று வையுங்கள்: நெரிசலில் 35, 40 ஆம்பியர். அதே நேரம் ஏ.சி. புளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும். மிச்சம் எங்கே? சார்ஜர் இழுப்பதெல்லாம் கார் பேட்டரியிலிருந்துதான் போகும். தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் திரையில் 400 வாட் அழகாகத் தெரியும். பேட்டரி காலியாகிக்கொண்டிருப்பது தெரியாது.

சூடு இன்னும் மோசம். ஆல்டர்நேட்டரைக் குளிர்விப்பது அதன் சொந்த விசிறி. சுழற்சி குறைந்தால் காற்றும் குறையும். முழு மின்னோட்டமும் குறைந்த காற்றும் சேர்ந்தால் டயோடும் ஸ்டேட்டர் சுற்றும் வேகும். வழக்கமாக கார் பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆல்டர்நேட்டருக்கு ஓய்வு கிடைக்கும். லித்தியம் அப்படி இல்லை. கடைசிவரை ஒரே அளவில் இழுக்கும். மணிக்கணக்கில் இப்படி ஓட வேண்டும் என்று காருக்கு ஆல்டர்நேட்டர் செய்யப்படவில்லை. பெல்ட் கீச்சிடுவது, வார்னிஷ் கருகும் வாடை இரண்டும் முன்னெச்சரிக்கை. அதனால் கணக்கு இது: 75 முதல் 90 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் என்றால் நெடுஞ்சாலையில் 350 வாட், ஊருக்குள் 200 அல்லது நிறுத்திவிடுங்கள். 150 ஆம்பியருக்கு மேல் இருக்கும் பெரிய வண்டி என்றால் மட்டும் 600, 800 பற்றி யோசியுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எதிர்க்காற்றே இருக்காது. ஏறி முடிக்கும் வரை அணைத்து வைப்பது நல்லது.

வயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால், 350 வாட்டுக்கு 10 ஸ்கொயர், 500 வாட்டுக்கு 16, 800 வாட்டுக்கு 25. ஃபியூஸ் முறையே 40, 60, 100 ஆம்பியர். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இது சார்ஜரைக் காப்பாற்ற அல்ல, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. ஆன்லைனில் மலிவாக வரும் கேபிள்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்த வேண்டும். ஈயத்தால் பற்றவைத்தால் அதிர்வில் அந்த இடத்திலேயே முறியும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டின் துளையில், வயர் உரசாமல் இருக்க ரப்பர் குரோமெட் கட்டாயம்.

வேலை முடிந்ததும், முழு லோடில் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனையிலும் சார்ஜர் முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட் என்றால் எங்கோ லக் சரியில்லை.

நெகட்டிவ் வயரில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் சின்னதாக ஒரு பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கும். நேராக முனையில் மாட்டினால் நம் மின்னோட்டம் சென்சாருக்குத் தெரியாது. பேட்டரியின் நிலை பற்றி எஞ்சின் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். சென்சாரைத் தாண்டி, பாடி எர்த் போல்ட்டில்தான் இணைக்க வேண்டும். இதே கார்களில் ஆல்டர்நேட்டர் வோல்டேஜும் ஒரே அளவில் நிற்காது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 12.5 வரை இறங்கும், பிரேக்கில் 14.8க்கு ஏறும். 13.2க்குக் கீழே போனால் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைக்கும் சார்ஜர் அடிக்கடி அணைந்து எழும். தீர்வு, ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் டேப் (fuse tap, ஃபியூஸ் இடத்தில் செருகும் கிளை இணைப்பு) போட்டு இக்னிஷன் சிக்னல் எடுத்துக் கொடுப்பது. வயரை வெட்டாமல் செய்யலாம் என்பதால் வாரன்டி தகராறும் குறையும். ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களில் ஆல்டர்நேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட் தருகிறது. அங்கே சாக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் இருக்கும் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் சார்ஜ் ஏற ஏற்ற வெப்பம் பொதுவாக 0 முதல் 45 டிகிரி. மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டும். ஸ்டேஷன் சார்ஜ் ஏற மறுக்கும். ரிப்பேர் இல்லை, ஏ.சி. போட்டு அரை மணி நேரம் போனால் சரியாகிவிடும். விசிறி இருக்கும் பக்கங்களில் ஒரு கை அகலம் இடம் விடுங்கள். 10 கிலோவுக்கு மேல் எடை என்பதால் ராட்சட் பெல்ட்டால் கட்டாமல் வைக்கக் கூடாது.

இது இலவச மின்சாரம் என்ற நினைப்பும் வேண்டாம். ஆல்டர்நேட்டர், கன்வெர்ட்டர், எஞ்சின் மூன்றின் இழப்பையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 லிட்டர் பெட்ரோல். எப்படியும் போகிற பயணத்தில், கரண்ட் இல்லாத இடத்துக்கு, இந்த விலை தாராளமாகத் தகும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றுவது மட்டும் வேண்டாம். பெட்ரோலும் வீண், ஆல்டர்நேட்டரும் வேகும்.

மாட்டிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், செம்பு அமர்ந்து தளரும். ஒவ்வொரு சர்வீஸிலும் பெல்ட்டைக் காட்டி விரிசல் இருக்கிறதா என்று கேளுங்கள். கார் பேட்டரி நான்கு வருடத்தைத் தாண்டியிருந்தால், இந்த வேலையைத் தொடங்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.