பழைய பேஸ் கிட்டாருக்குப் புதுச் சட்டை, புது நரம்பு: சில வருடங்கள் கழித்து

2019 மே மாத வெயிலில் என் பேஸ் கிட்டாரை மொட்டை மாடியில் கழற்றிப் போட்டேன். பெயின்டை உரித்து, வேறு பூசி, உள்ளே வயர் முதல் பிக்கப் (நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வரை மாற்றி முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் சர்ச்சில், முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்புகளில் என்று அதையேதான் வாசிக்கிறேன். செய்த கையோடு எழுதியிருந்தால் எல்லாமே பிரமாதம் என்றிருப்பேன். இப்போதுதான் எது நின்றது, எது உதிர்ந்தது என்று சொல்ல முடிகிறது.

கிட்டார் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஃபெண்டர் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் வடிவத்தில் செய்த விலை குறைந்த ஆசியத் தயாரிப்பு. 34 அங்குல ஸ்கேல் (அதிரும் நரம்பின் நீளம்), ஒற்றைச் சுருள் கொண்ட இரண்டு சிங்கிள் காயில் பிக்கப், இரண்டு வால்யூம், ஒரு டோன். ஆனால் நெக் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) மட்டும் கைக்கென்றே செதுக்கியது போல இருக்கும். புதிதாக ஒன்று வாங்காமல் இத்தனை பாடுபட்டது அந்த நெக்குக்காகத்தான்.

பெயின்ட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மேலே இருந்தது பாலியெஸ்டர் பூச்சு. தின்னர் ஊற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டி போடும் தகட்டால் சுரண்டியபோது ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் அழகான மரம் இருக்கும் என்று கனவு கண்டிருந்தேன். இருந்தது ஒட்டுப்போட்ட மூன்று துண்டுகள், மூன்றும் மூன்று நிறம். தெரிந்த ஆசாரி ஒருவர், அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷ் போட்டுத் தந்தார். தேன் நிறத்தில் அப்படி ஒரு மினுமினுப்பு. பார்க்கிற எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

எட்டு மாதம்தான். அலமாரிக்கும் நாற்காலிக்கும் அரக்கு சரி. வலது முழங்கை மணிக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் இடத்துக்குச் சரிப்படாது. சென்னை வியர்வையில் அந்த இடம் முதலில் பிசுபிசுத்தது, மழைக்காலத்தில் வெளுத்துப்போனது. கல்யாண மண்டபத்தில் யாரோ தெளித்த சென்ட் பட்டு ஒரு ஓரம் கரைந்தது தனி. சாராயத்தில் கரைத்துப் பூசியதைச் சாராயம் கரைக்காதா?

மறுபடி உப்புத்தாள். 120, 220, 320 என்று படிப்படியாக இறங்கினேன். மெழுகு நீக்காத அரக்கின் மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் சரியாக ஒட்டாது என்பதால் ஒரு பொட்டு விடாமல் தேய்க்க வேண்டியிருந்தது. இந்த முறை கார் டிங்கரிங் பட்டறையில் கொடுத்து, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே வகைப் பியூ பெயின்ட் அடித்தேன். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது; அதை வீட்டு மாடியில் அடிக்கும் எண்ணம் வேண்டாம். அங்கே ஒரு கூத்து நடந்தது. நெக் உட்காரும் பள்ளத்தில் நான் ஒட்டியிருந்த டேப்பை அழுக்கு என்று நினைத்துப் பிரித்துவிட்டு உள்ளேயும் அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நெக்கை வைத்தால் இறங்கவில்லை. அடித்து இறக்கியிருந்தால் ஓரம் விரிசல் விட்டிருக்கும். ஒரு சாயங்காலம் முழுக்கப் பள்ளத்தை மட்டும் சுரண்டினேன். அந்தப் பெயின்ட் இன்றுவரை அப்படியே இருக்கிறது. பெல்ட் பக்கிள் கீறிய தடம் மட்டும் முதுகில்.

சத்தம் மாறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெயின்ட் உரிப்பதற்கு முன்னும், புதிது காய்ந்த பின்னும் அதே ஸ்ட்ரிங் போட்டு அதே வரியைப் பதிவு செய்து வைத்திருந்தேன். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாசிப்பில் பெயின்டை விட உதவியது பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். நெக்கின் பின்புறப் பளபளப்பை அதால் மங்கடித்ததும் கட்டை விரல் ஒட்டாமல் ஓட ஆரம்பித்தது. இரும்பு நாரை எடுத்துவிடாதீர்கள், தூள் பிக்கப் காந்தத்தில் போய் அப்பிக்கொள்ளும்.

இனி எலெக்ட்ரானிக்ஸ். நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

முதலில் மாற்றியது வால்யூம், டோன் பாட்கள் (குமிழுக்கு அடியில் இருக்கும் திருகு மின்தடைகள்). பழையவை திருகும்போதெல்லாம் கரகரத்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் ஒரு மாதம் அடங்கும், திரும்ப வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து செப்பு டேப்பும் சால்டர் கம்பியும் வாங்கினேன். 250 கிலோ ஓம் லாக் வகை (காதுக்கு ஏற்றபடி சத்தம் ஏறும்) பாட் மூன்றும், டோனுக்கான 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஆன்லைனில் வந்தன. வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெரிய பாட்களின் கழுத்து கன்ட்ரோல் தகட்டின் ஓட்டைக்குள் நுழையாது. ஏறக்குறைய ஒன்பதரை மி.மீ.க்கு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். பழைய குமிழ்களும் புதுத் தண்டில் ஏறவில்லை, பல் எண்ணிக்கை வேறு. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

வெளி இரைச்சல் உள்ளே வராமலிருக்க, பிக்கப் குழிகளிலும் கன்ட்ரோல் குழியிலும் செப்பு டேப் ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் சால்டர் வைத்து, எல்லாவற்றையும் கிரவுண்டோடு சேர்த்தேன். எல்லாம் மூடி, ஆம்பில் செருகினால் மயான அமைதி. இரைச்சலும் இல்லை, சத்தமும் இல்லை! கேபிள் செருகும் ஜாக்கின் முனைத் தகடு செப்பு டேப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு விரல் அகலம் ஒட்டியதும் பேசியது. செலவு சில நூறு ரூபாய். மொத்த வேலையில் எனக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான். சர்ச்சின் டியூப் லைட், டிம்மர் எல்லாம் சேர்ந்து கொடுத்த கொசுச் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. வருடங்கள் ஆகியும் பாட்கள் கரகரக்கவில்லை.

பிக்கப்பில்தான் சிக்கனம் பார்த்துக் கெட்டேன். பிரிட்ஜ் (உடம்பில் நரம்புகளைத் தாங்கும் கட்டை) பக்கம் மட்டும் புதிது வாங்கிப் போட்டேன். தனியாக வாசித்தால் அருமை. இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடிச்சத்தமே காணாமல் போய், தகர டப்பா மாதிரி கேட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸ், அதாவது ஒன்றின் சத்தத்தை மற்றது அழித்தது. சரி என்று புதியதன் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். அடிச்சத்தம் திரும்பியது, கூடவே மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வந்து உட்கார்ந்தது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் சேரும்போது இரைச்சல் அடங்க வேண்டுமானால் காயில் சுற்றிய திசையும் எதிராக இருக்க வேண்டும், காந்தத் துருவமும் எதிராக இருக்க வேண்டும். வயரை மாற்றினால் ஒன்றுதான் மாறும். கடைசியில் ஜோடியாகவே வாங்கினேன், 2021-இல்.

நடுவில் ஆக்டிவ் பிரீஆம்பும் (கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்) போட்டுப் பார்த்தேன். 9 வோல்ட் பேட்டரி, பேஸ், ட்ரெபிள் குமிழ்கள். ஸ்டுடியோவில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேபிளைச் செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஜாக்கில் கேபிள் செருகுவதுதான் சுவிட்ச். முந்தின நாள் ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்க மறந்துவிட்டேன், அதற்கு முன்பும் பலமுறை அப்படி மறந்தது வேறு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டாவது பாட்டில் சத்தம் உடைந்து, நொறுங்கி, நின்றது. பாடகர் குழுவில் எங்கள் அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஜனவரியில் கழற்றிவிட்டேன். பேட்டரி தீர்ந்தாலும் பிரீஆம்பைத் தாண்டி நேராக வாசிக்க விடும் பைபாஸ் சுவிட்ச் உள்ளதை வாங்கியிருந்தால் வைத்திருப்பேனோ என்னவோ.

விற்றால் போட்ட காசு வராது. பெயின்ட் மாற்றிய கிட்டாருக்கு வாங்குபவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். நான் விற்கப்போவதும் இல்லை. ஒரு குறை மட்டும் பாக்கி. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்தால் அந்த மெல்லிய ஊளை இன்னும் கேட்கும். செப்பு டேப்புக்கு அது அடங்காது, சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினால் குறையும். அதனால் சர்ச்சில் ஆம்புக்கு முதுகைக் காட்டாமல், ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்று வாசிக்கிறேன். பார்ப்பவர்கள் ஸ்டைல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.