அண்டி ஆபீஸில் ஒரு 3 டன் ஃபோர்க்லிஃப்ட்: ஹைட்ராலிக்கோடு 7 வருடம்

எங்கள் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை ஆலை, குளச்சலுக்கும் கருங்கலுக்கும் நடுவே இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்க அண்டி, 80 கிலோ சாக்குகளாக வரும். அவற்றை அடுக்க 2017இல் பழைய டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வாங்கினோம். இஞ்சினால் பெரிய தொந்தரவு இல்லை. படுத்தியதெல்லாம் ஹைட்ராலிக்தான், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் லோடைத் தூக்கும் பகுதி.

இரண்டாம் வருடம் லோடு மெதுவாக ஏறியது, பம்ப் வீறிட்டது. ஒரு பட்டறையில் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார்கள். இரண்டே வாரத்தில் அதே சத்தம். எங்கள் ஆபரேட்டர் டேங்கைத் திறந்து உறிஞ்சுகுழாய் ஸ்ட்ரெய்னரை (சல்லடையை) எடுத்தார். சாக்கு நாரும் கறுப்புக் கசடும் அப்பிக்கிடந்தன. பம்புக்கு எண்ணெயே போகவில்லை. வெற்றிடம் உண்டாகித்தான் அந்த அலறல். டீசலில் கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. பழைய பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம். எண்ணெய் அளவு, ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் மூன்றையும் பார்க்காமல் பம்பில் கை வைக்க விடாதீர்கள்.

அடுத்தது, "அண்ணே, லோடு பைய இறங்குது பாத்தியளா" என்று ஆபரேட்டர் காட்டிய கோளாறு. லீவரைத் தொடாமலே ஃபோர்க் தாழ்ந்தது. முழு லோடோடு முதல் 10 நிமிடத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 3691-1 என்ற பாதுகாப்புத் தரநிலை. எங்களுடையது அதைத் தாண்டியது. கசிவது தூக்கும் சிலிண்டரின் சீலா (எண்ணெயைத் தடுக்கும் வளையம்), எண்ணெயைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வா? எங்கள் வண்டியில் சிலிண்டரின் மேல்முனையிலிருந்து டேங்குக்குத் திரும்பும் மெல்லிய ஹோஸ் உண்டு. மாஸ்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டத்தை) முழுக்க இறக்கி, அந்த ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் ஒரு பாட்டிலைக் கட்டினோம். பிறகு லோடைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினோம். தூக்கும்போது மேலே தங்கிய எண்ணெய் சற்று வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சொட்டாமல் லோடு மட்டும் இறங்கினால் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) தேய்ந்திருக்கிறது. ஸ்பூலும் அதன் உடலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் செலவு அதிகம். எங்களுக்குச் சொட்டியது, சீல் செட்டோடு முடிந்தது. இதைச் செய்யும்போது தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. எந்த ஹோஸையும் கழற்றும் முன் ஃபோர்க்கைத் தரையில் வைத்து, இஞ்சினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

சீல் மாற்றிய அன்று சிலிண்டரிலிருந்து வெளியே வரும் ராடைத் தடவிப் பார்த்தபோது, குரோம் பூச்சில் ஊசி குத்தியதுபோலத் துருப்புள்ளிகள். உப்புக்காற்று! அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மாஸ்டை முழுக்க இறக்கித்தான் நிறுத்துகிறோம். ராடு உள்ளே போய்விடும். மாஸ்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் ராடு மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கும், அதை எண்ணெய்த் துணியால் துடைக்கிறோம். அப்படியும் டில்ட் சீல் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

ஒரு ஆனி மழையில் வண்டி வெளியே நனைந்து, எண்ணெய் பால் கணக்கா வெளுத்தது. டேங்க் மூடியின் மூச்சுத்துளை வழியே தண்ணீர். முழுவதையும் வடித்து 46 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றினோம். அப்புறம் ஷெட் போட்டோம்.

இப்போது ஹோஸ்களைப் பார்த்துவருகிறேன். மெல்லிய கசிவைத் தேட அட்டைத்துண்டுதான், கை கிடையாது; அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மாஸ்ட் ஹோஸ் ஒன்றில் வெடிப்பு தெரிகிறது, அடுத்த கன்டெய்னர் வருவதற்குள் மாற்ற வேண்டும்.